பேப் ஸ்மியர் முடிவுக்கு கோட் போடுவது எப்படி: முதலில் செல்லா, திசுவா?

மருத்துவப் பதிவுகளில் உள்ள நோய், பரிசோதனை விவரங்களைக் குறியீடுகளாக மாற்றும் மெடிக்கல் கோடிங் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு சார்ட், அதாவது நோயாளியின் மருத்துவப் பதிவு, வந்தது. பேப் ஸ்மியர், அதாவது கருப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை, அதன் அறிக்கையில் ஹெச்எஸ்ஐஎல் என்று இருந்தது. நாங்கள் வாயால் சொல்வது 'ஹெச்சில்'. செல்களில் உயர்நிலை மாற்றம் என்று பொருள். உயர்நிலை என்றால் சிஐஎன் 3 (சிஐஎன் என்பது கருப்பை வாய்த் திசுவில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம், 1 முதல் 3 வரை கடுமை கூடும்), சிஐஎன் 3 என்றால் டி06 என்ற கோட் என்று நானே முடிவுகட்டி, டி06.9 போட்டு அனுப்பிவிட்டேன். ஆடிட்டில் திரும்பி வந்தது. "பயாப்சியே எடுக்கவில்லையே, புற்றுநோய் என்று எதை வைத்து எழுதினீர்கள்?" என்று ஒரே ஒரு வரி.

கேள்வி சரிதான். டி06 என்றால் கருப்பை வாயில் இன்னும் ஊடுருவாத நிலையில் இருக்கும் புற்றுநோய். யாரும் உறுதி செய்யாத அந்த நோயை ஒரு பெண்ணின் பதிவில் நான் ஏற்றியிருந்தேன். அன்றிலிருந்து கோட் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: கையில் இருப்பது செல்லா, திசுவா?

இங்கே பேசுவது அமெரிக்காவில் பயன்படும் ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க் குறியீட்டுப் பட்டியல் பற்றி. 2015 அக்டோபர் 1 முதல் அங்கே இதுதான் நடைமுறை. ஆண்டுதோறும் அக்டோபர் 1 அன்று புதுப்பிப்பார்கள் என்பதால் நடப்பு ஆண்டுப் பதிப்பையே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: அறிக்கையின் தலைப்பைப் பாருங்கள்

பிரஷ்ஷால் வருடி எடுத்த செல்களைப் பார்த்து எழுதியது சைட்டாலஜி அறிக்கை. அதற்கு ஆர்87.61 குடும்பம். கிள்ளி எடுத்த திசுவைப் பார்த்து எழுதியது பயாப்சி அறிக்கை. சிஐஎன் 1 என்றால் என்87.0, சிஐஎன் 2 என்றால் என்87.1, சிஐஎன் 3 என்றால் டி06. இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவே 'எக்ஸ்க்ளூட்ஸ் 1' குறிப்பு நிற்கிறது. ஒரே பிரச்சினைக்கு இரண்டையும் சேர்த்துப் போட முடியாது.

சில இடங்களில் பயாப்சி அறிக்கையிலும் ஹெச்சில் என்றே எழுதுவார்கள். பெரும்பாலும் பக்கத்தில் சிஐஎன் எண்ணும் இருக்கும். இல்லாவிட்டால் ஊகிக்காமல் மருத்துவருக்குக் கேள்வி அனுப்புங்கள்.

படி 2: ஆறாவது இலக்கம்

ஆர்87.61-க்குப் பிறகு வரும் இலக்கம்தான் முடிவைச் சொல்கிறது.

0: ஏஎஸ்சி-யுஎஸ். செல்கள் கொஞ்சம் வித்தியாசமாக இருக்கின்றன, என்னவென்று தெரியவில்லை.
1: ஏஎஸ்சி-ஹெச். உயர்நிலை மாற்றம் இல்லை என்று ஒதுக்கிவிட முடியவில்லை.
2: தாழ்நிலை மாற்றம், அதாவது எல்சில்.
3: உயர்நிலை மாற்றம், அதாவது ஹெச்சில்.
4: செல்களிலேயே புற்றுநோய்க்கான சான்று.

முதல் இரண்டில்தான் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். வால் மட்டும்தான் வேறு என்பதால், வேகமாகப் படிக்கும் கண் 'ஏஎஸ்சி' என்றதுமே நின்றுவிடும். கடைசி எழுத்து வரை படியுங்கள். இன்னொரு சின்ன விஷயம்: அறிக்கையில் எல்எஸ்ஐஎல், ஹெச்எஸ்ஐஎல் என்று இருப்பதை கோட் புத்தகம் எல்ஜிஎஸ்ஐஎல், ஹெச்ஜிஎஸ்ஐஎல் என்று எழுதும். அந்த 'ஜி' வந்துவிட்டதே என்று குழம்ப வேண்டாம்.

5 என்றால் மாதிரி போதவில்லை. 6 என்றால் மாதிரி சரிதான், ஆனால் உருமாற்றப் பகுதியின் (கருப்பை வாயில் இரண்டு வகைச் செல்கள் சந்திக்கும் இடம்) செல்கள் அதில் இல்லை. இரண்டுமே நோயைச் சொல்லவில்லை, மாதிரியைத்தான் சொல்கின்றன. 8 மற்றவை. 9 குறிப்பிடப்படாதவை. சுரப்பிச் செல்களில் மாற்றம் என்று மட்டும் எழுதியிருந்தால் அதுவும் 9-க்குத்தான் போகும். இவ்வளவு தெளிவாக எழுதியிருப்பது 'குறிப்பிடப்படாதது' ஆகுமா என்று எனக்கு இன்றும் தோன்றும், ஆனால் புத்தகம் சொல்வது அதுதான்.

படி 3: ஹெச்பிவி தனிக் கணக்கு

ஹெச்பிவி என்பது கருப்பை வாய்ப் புற்றுநோயோடு தொடர்புள்ள வைரஸ். அதிக ஆபத்து வகை ஹெச்பிவி பாசிட்டிவ் என்றால் ஆர்87.810, குறைந்த ஆபத்து வகை என்றால் ஆர்87.820. செல் முடிவோடு சேர்த்துப் போடலாம். செல்கள் இயல்பாக இருந்து ஹெச்பிவி மட்டும் பாசிட்டிவ் என்றால் ஆர்87.810 மட்டும் போதும். 61 குடும்பத்தைத் தொடாதீர்கள்.

படி 4: எந்த வருகைக்கு எந்த கோட்

ஒரு கற்பனை சார்ட்டை எடுத்துக்கொள்வோம். 34 வயதுப் பெண் வழக்கமான மகளிர் பரிசோதனைக்கு வருகிறார், ஸ்மியரும் எடுக்கிறார்கள். பரிசோதனையில் எந்தக் கோளாறும் தெரியவில்லை, ஸ்மியர் முடிவும் வருவதற்கு முன்பே நீங்கள் கோட் போடுகிறீர்கள். அப்போது இசட்01.419 போடலாம், அந்த நேரத்தில் தெரிந்ததை வைத்துத்தான் கோட். கோளாறு தெரிந்திருந்தால் இசட்01.411, கூடவே அந்தக் கோளாறின் கோட். முழுப் பரிசோதனை இல்லாமல் புற்றுநோய் ஸ்கிரீனிங்குக்கு மட்டும் வந்திருந்தால் இசட்12.4.

பிறகு முடிவு வருகிறது: ஏஎஸ்சி-ஹெச், அதிக ஆபத்து ஹெச்பிவி பாசிட்டிவ். கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கொல்போஸ்கோபிக்கு வருகிறார். பயாப்சி எடுத்தாகிவிட்டது, அறிக்கை இன்னும் வரவில்லை. இந்த வருகைக்கு ஆர்87.611, ஆர்87.810. மருத்துவர் குறிப்பில் 'சிஐஎன் 3 ஆக இருக்கலாம்' என்று எழுதியிருந்தாலும் அசையாதீர்கள். வெளிநோயாளி சார்ட்டில் 'இருக்கலாம்', 'சந்தேகம்' என்பதற்கெல்லாம் நோயாக கோட் போடக் கூடாது. கோட் போடும்போதே பயாப்சி முடிவு கையில் இருந்து, அது சிஐஎன் 2 என்றால் என்87.1 வரும், ஆர்87.611 விலகிவிடும்.

சிகிச்சை முடிந்து, இப்போது மாற்றம் எதுவும் இல்லாமல் வருபவருக்கு என்87 போடாதீர்கள். முன்பு இருந்தது என்பதற்கு இசட்87.410 இருக்கிறது. அது டி06 ஆக இருந்திருந்தால் இசட்86.001.

அப்புறம், அனுப்புவதற்கு முன் சார்ட்டில் அறுவை சிகிச்சை வரலாற்றை ஒருமுறை பாருங்கள். கருப்பை வாயோடு சேர்த்துக் கருப்பையை அகற்றியவருக்கும் ஸ்மியர் அறிக்கை வரும். அந்த மாதிரி யோனியிலிருந்து எடுத்தது, அதற்கு ஆர்87.62 குடும்பம்.