கழிமுகத்தில் கொடுவா: கரையில் நின்று லூர் வீசும் முறை

கொடுவா ஒளிந்திருந்து இரை பிடிக்கும் மீன். பாலத்தூணின் பின்னால், அலையாத்தி வேர்களுக்கு அடியில், மதகு வாயின் இருட்டில் நின்றுகொண்டு, நீவாடு (நீரோட்டம்) தள்ளிக்கொண்டு வரும் மடவைக் குஞ்சையும் இறாலையும் 'டப்' என்ற சத்தத்தோடு வாய்க்குள் உறிஞ்சிக்கொள்ளும். பெட்டி நிறைய லூர் (முள் பொருத்திய செயற்கை இரை) வைத்திருந்தும் வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது ஒரே இடத்தில்தான். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, அந்த ஓட்டத்தில் மீன் எங்கே ஒதுங்கும் என்று பார்க்காமலே வீச ஆரம்பித்துவிடுகிறார்கள். முட்டுக்காடு, பாலாற்று முகத்துவாரம், பரங்கிப்பேட்டை வெள்ளாறு, கொள்ளிடம், தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயல் என்று நம் கிழக்குக் கரையின் கழிமுகங்களில் கரையிலிருந்து வீசுகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். இதே கருவி, இதே முறைக்குச் செப்பிலி, பாறை, காலா மீன்களும் வந்து அடிக்கும்.

முதலில் ஓதம்

சென்னைப் பக்கம் அமாவாசை, பவுர்ணமியை ஒட்டிய நாட்களில்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் சுமார் 1 மீட்டர்தான். அஷ்டமி வாக்கில் அது இன்னும் சுருங்கிவிடும். குஜராத் கரையைப் போலப் பல மீட்டர் ஏறி இறங்கும் கடல் நமக்கு இல்லை. அதனால் இருக்கிற சின்ன ஓட்டத்தை மணி பார்த்துப் பிடித்தாக வேண்டும். அமாவாசை, பவுர்ணமிக்கு அடுத்த இரண்டு மூன்று நாட்களில் ஓட்டம் நன்றாக இருக்கும். வற்றத்தின் கடைசி இரண்டு மணி நேரமும் ஏற்றத்தின் முதல் இரண்டு மணி நேரமும்தான் கொடுவா வேட்டைக்கு நிற்கும் நேரம். அதோடு விடியலோ அந்தியோ சேர்ந்து வந்தால் அந்த நாளை விடாதீர்கள்.

ஓத அட்டவணை துறைமுகத்துக்கும் திறந்த கரைக்கும் போட்டது. உப்பங்கழிக்குள் இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி நின்றால் அதே ஏற்றம் ஒரு மணி நேரம் கழித்தும் வரலாம், அதற்கும் மேலும் ஆகலாம். இதற்கு ஒரு குச்சி போதும். தண்ணீர் ஓரத்தில் நட்டு, நீர்மட்டத்தில் ஒரு கோடு கீறி, அரை மணிக்கு ஒரு முறை பாருங்கள். இரண்டு நாள் குறித்துவைத்தால் அந்த இடத்துக்கும் அட்டவணைக்கும் எத்தனை நிமிட இடைவெளி என்று தெரிந்துவிடும்.

கோடையில் முட்டுக்காடு போன்ற இடங்களில் மணல்திட்டு வாயை அடைத்துவிடும். வாய் அடைத்திருக்கும்போது ஏற்றமும் இல்லை, வற்றமும் இல்லை. அப்போது காற்று எந்தக் கரையில் அலையைத் தள்ளுகிறதோ அந்தக் கரையில் தேடுங்கள். குஞ்சு மீன் அங்கேதான் ஒதுங்கும். வடகிழக்குப் பருவமழையில் முதல் வெள்ளம் செம்மண் நிறத்தில் இறங்கும் சில நாட்களில் உள்ளே வீசிப் பயனில்லை. கலங்கல் கொஞ்சம் அடங்கி, செந்நீரும் கடல்நீரும் கோடு போட்டதுபோல் சேரும் இடம் தெரிய ஆரம்பித்தால் அந்தக் கோட்டின் ஓரமாக வீசுங்கள்.

நிற்க வேண்டிய இடம்: வற்றத்தின்போது சிறு வாய்க்கால்கள் கழியில் விழும் வாய், மதகின் கீழ்ப்பக்கம், பாலத்தூண்களின் நீவாடு படாத பக்கம், கருங்கல் கொட்டிய கரையின் மூலை, ஆறு வளையும் இடத்தில் ஆழமான வெளிப்பக்கக் கரை. இரவில் பாலத்து விளக்கு வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் கோட்டுக்குப் பின்னால், நிழலுக்குள்தான் கொடுவா நிற்கும். லூரை வெளிச்சத்தில் போட்டு நிழலுக்குள் கொண்டுபோங்கள். பாலத்தின் மேலே நின்று வீசவே வீசாதீர்கள். வண்டிகள் போகும் இடத்தில் பின்னால் வீசும் முள் யார் முகத்திலும் படலாம். மீன் மாட்டினாலும் அவ்வளவு உயரத்துக்குத் தூக்க முடியாது.

கருவி

ராடு 7 அடி, 10 முதல் 30 கிராம் வரை லூர் வீசக்கூடியது, மீடியம் ஹெவி (ஓரளவு விறைப்பானது). ரீல் 3000 அல்லது 4000 அளவு ஸ்பின்னிங். பிரெய்டு நரம்பு (பல இழை பின்னிய தூண்டில் நூல்) 20 பவுண்டு தாங்குவது, கல்லும் தூணும் நெருங்கிய இடத்தில் 30 பவுண்டு, நீளம் 150 மீட்டருக்குக் குறையாமல். ரீலின் ஸ்பூலில் (நரம்பு சுற்றும் உருளை) நேரடியாகப் பிரெய்டைக் கட்டினால் மொத்தச் சுற்றும் வழுக்கும். முதலில் 5 மீட்டர் சாதாரணத் தங்கூசி நரம்பைச் சுற்றி, அதில் பிரெய்டை முடியுங்கள். ஸ்பூல் விளிம்புக்கு 2 மி.மீ. கீழே வரை நிரப்பினால் போதும். அதற்கு மேல் போனால் வீசும்போது வளையம் வளையமாகக் கழன்று சிக்கிக்கொள்ளும். குறைந்தால் தூரம் போகாது.

பிரெய்டுக்கும் லூருக்கும் நடுவில் கட்டும் தடித்த நரம்பான லீடர் கட்டாயம். கொடுவாவின் வாய் ஓரம் அரத்தைப் போலச் சொரசொரப்பு, செவுள் மூடி கத்தி. பிரெய்டு அதில் ஒரு முறை உரசினால் முடிந்தது. 40 பவுண்டு ஃப்ளோரோகார்பன் அல்லது கெட்டியான மோனோ (தங்கூசி) 80 செ.மீ. போதும். ஸ்டீல் ஒயர் வேண்டாம், லூர் ஆடாது.

முடிச்சு

மீன் தப்பிய கதைகளில் பாதி முடிச்சில்தான் முடியும். லீடரையும் பிரெய்டையும் சேர்க்க எஃப்.ஜி. முடிச்சுதான் மெல்லியது, ராடு வளையங்களில் தட்டாது. ஆனால் காற்றிலும் இருட்டிலும் அதைக் கட்டுவது கடினம். புதியவர்கள் டபுள் யூனி முடிச்சில் தொடங்கலாம். பிரெய்டின் முனையை 30 செ.மீ. அளவுக்கு இரண்டாக மடித்துக்கொள்ளுங்கள். லீடரும் அதுவும் எதிரெதிர்த் திசையில் ஒன்றன்மேல் ஒன்று படுத்திருக்க வேண்டும். மடித்த பிரெய்டை வளைத்து ஒரு கண்ணி செய்து, அதன் முனையைக் கண்ணிக்குள் விட்டு இரண்டு நரம்புகளையும் சேர்த்து 8 சுற்று. எச்சில் தொட்டு இறுக்குங்கள். மறுபக்கம் லீடரில் இதேபோல் 4 சுற்று மட்டும். தடித்த நரம்பில் அதற்கு மேல் சுற்றினால் இறுகாது. பிறகு இரண்டு பக்க நீள நரம்பையும் பிடித்து மெதுவாக இழுத்தால் இரண்டு முடிச்சும் ஒன்றோடொன்று வந்து உட்காரும். உலர இழுத்தால் சூடேறி நரம்பு நலியும், அதனால்தான் எச்சில். மிச்ச முனையை 2 மி.மீ. விட்டு வெட்டுங்கள்.

லூர் பக்கம் இறுக்கிக் கட்டாமல் கண்ணி முடிச்சுப் போடுங்கள். லீடர் முனையிலிருந்து 15 செ.மீ. தள்ளி ஒரு சாதாரண முடிச்சைத் தளர்வாகப் போடவும். முனையை லூரின் வளையத்தில் கோத்து, அந்தத் தளர்ந்த முடிச்சுக்குள், அது வெளியே வந்த பக்கமாகவே திருப்பி நுழைக்கவும். நீள நரம்பைச் சுற்றி 4 சுற்று, மறுபடி அதே முடிச்சுக்குள் அதே பக்கமாக. நனைத்து இறுக்கினால் 6, 7 மி.மீ. அளவில் சிறு கண்ணி நிற்கும். அந்தக் கண்ணியில் லூர் தாராளமாக ஆடும்.

நரம்பு அறுந்தால் முனையை விரலில் வைத்துப் பாருங்கள், காரணம் அதிலேயே இருக்கும். பன்றி வால் போல் சுருண்டிருந்தால் முடிச்சு வழுக்கிக் கழன்றது. பஞ்சு போல் பிரிந்திருந்தால் கல்லிலோ ஆளிச் சிப்பி ஒட்டிய தூணிலோ உரசியது. சொரசொரத்த லீடர் என்றால் பல் வேலை, அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் புதிதாக முடியுங்கள். கத்தியால் வெட்டியதுபோல் நேராக இருந்தால் செவுள். லீடரை இன்னும் 20 செ.மீ. நீட்டுங்கள். எதுவும் ஆகாவிட்டாலும் ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி ஒரு சாண் நீளத்தை விரலால் தடவிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

லூர்

மூன்று போதும். முதலாவது, 3 முதல் 4 அங்குல வால் ஆடும் சாஃப்ட் பிளாஸ்டிக் (ரப்பர் மீன்), 7 முதல் 14 கிராம் ஜிக் ஹெட்டில் (எடைத் தலை வைத்த முள்). இரண்டாவது, 9 முதல் 12 செ.மீ. மினோ (சிறு மீன் வடிவக் கெட்டி லூர்), 1 மீட்டர் ஆழத்துக்குள் ஓடுவது, நிறுத்தினால் அப்படியே நிற்பதோ மெல்ல மிதப்பதோ. மூன்றாவது, விடியலுக்கு ஒரு பாப்பர் (நீர்ப்பரப்பில் தண்ணீரைத் தெறிக்கவிட்டு வரும் லூர்). கலங்கிய நீரில் வெள்ளை, பொன்னிறம். தெளிந்த நீரில் மடவையின் வெள்ளி நிறம். இரவில் கறுப்பு, ஏனென்றால் கீழிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு அதன் உருவம்தான் தெளிவாகத் தெரியும். நிறத்துக்கு இதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை.

மலிவான மினோக்களோடு வரும் மூன்று முனை முள் ஒரு நல்ல கொடுவாவின் தலையசைப்பில் நிமிர்ந்துவிடும். தடித்த முள்ளாக மாற்றுங்கள். கூடவே முள்ளை லூரோடு இணைக்கும் சிறு வளையத்தையும் மாற்ற மறக்காதீர்கள்.

சாஃப்ட் பிளாஸ்டிக்கை முள்ளில் கோப்பதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். முதலில் ஜிக் ஹெட்டை ரப்பர் மீனின் பக்கத்தில் வைத்து, முள் எங்கே வளைகிறது என்று பார்த்து, அந்த இடத்தை நகத்தால் அழுத்தி அடையாளம் வையுங்கள். மூக்கின் நட்டநடுவே முள்ளை நுழைத்து, நடுக்கோடு பிசகாமல் ஓட்டி, அடையாளத்தில் முதுகு வழியே வெளியே எடுங்கள். ஒரு பக்கம் ஒதுங்கினாலோ, ரப்பர் சுருங்கிக் கூன் விழுந்தாலோ லூர் தண்ணீரில் சுழலும், நரம்பும் முறுக்கேறும். காலடியில் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். நேராக, வால் மட்டும் ஆடி வந்தால் சரி. அலையாத்தி வேர்களுக்குள் போட வேண்டுமென்றால் ஜிக் ஹெட்டை விட்டு, 5/0 அகல வளைவு முள்ளில் முனையை ரப்பருக்குள் மறைத்துக் கோத்துக்கொள்ளுங்கள்.

வீசுவதும் இழுப்பதும்

நீவாட்டுக்கு நேர் எதிரே வீசினால் லூர் உங்களை முந்திக்கொண்டு வரும். கீழே வீசினால் மேலே மிதந்துவிடும். ஓட்டத்துக்கு எதிராகச் சாய்வாக வீசி, ஓட்டமே அதைத் தூணின் பக்கமாகவோ வேரின் பக்கமாகவோ கொண்டுபோகும்படி விடுங்கள். தூணிலிருந்து ஒரு முழத்துக்குள் லூர் போகவில்லை என்றால் மீன் வெளியே வராது.

சாஃப்ட் பிளாஸ்டிக்கில்: தரை தொடும் வரை விடவும், நரம்பு சட்டென்று தளர்வது தெரியும். ராடு முனையை இரண்டு முறை ஒரு அடி உயர்த்தி, பின் நரம்பை லேசான இறுக்கத்தில் வைத்தபடி மறுபடி தரையில் விழ விடவும். மீன் பெரும்பாலும் விழும்போதுதான் எடுக்கும். சில நேரம் 'டக்' என்று ஒரே தட்டு, சில நேரம் நரம்பு பக்கவாட்டில் நகர்வது மட்டும்தான். மினோவில்: கைப்பிடி இரண்டு மூன்று சுற்று, இரண்டு சின்ன உதறல், மூன்று எண்ணும் வரை முழு நிறுத்தம். இந்த நிறுத்தத்தைத்தான் புதியவர்களால் தாங்க முடிவதில்லை. லூர் ஓடிக்கொண்டே இருந்தால் பாறை மீன் அடிக்கும். கொடுவாவுக்கு நின்றாக வேண்டும்.

பாப்பரில் தண்ணீர் வெடித்ததும் கையை உதறாதீர்கள். பாதி நேரம் மீன் இன்னும் லூரைக் கவ்வியிருக்காது. எடை கையில் தெரிந்த பிறகு ராடைப் பக்கவாட்டில் இழுத்தால் போதும்.

டிராக்கை (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிடியை) முன்கூட்டியே வையுங்கள். லீடரின் கண்ணியில் ஒரு கைத்தராசை மாட்டி, ராடை வளைத்து இழுத்து, 20 பவுண்டு பிரெய்டுக்கு 2.5 கிலோவில் நரம்பு ஓடும்படி திருகுங்கள். மீன் மாட்டிய முதல் ஐந்து விநாடி அதன் ஓட்டம் தூணை நோக்கித்தான் இருக்கும். அங்கே ராடைத் தாழ்த்திப் பக்கவாட்டில் வளைத்து, தலையை உங்கள் பக்கம் திருப்புங்கள். துள்ளி எழும்போது ராடு முனையைத் தண்ணீரை நோக்கி இறக்கவும். ஆனால் நரம்பு தளரக் கூடாது. வாய் திறந்து தலையை உதறும் அந்தத் துள்ளலில்தான் முள் தெறிக்கும்.

கரையில்

செவுளுக்குள் விரல் விடாதீர்கள். லிப் கிரிப்பால் (தாடையைக் கவ்விப் பிடிக்கும் கருவி) கீழ்த்தாடையைப் பிடித்து, இன்னொரு நனைந்த கையை வயிற்றுக்கு அடியில் கொடுங்கள். பெரிய மீனைத் தாடையில் மட்டும் தொங்கவிட்டால் கழுத்தெலும்பு விலகும். கொடுவா முதலில் ஆணாகப் பருவமடைந்து, சில ஆண்டுகள் கழித்தே பெண்ணாக மாறும். 80 செ.மீ. தாண்டிய மீன்களில் பெரும்பாலானவை முட்டையிடப்போகும் பெண்கள். அவற்றைத் தண்ணீரிலேயே வைத்து முள்ளை எடுத்து, தலையை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பிப் பிடித்திருங்கள். வால் தானாக அடிக்கும் வரை விடாதீர்கள். சாப்பாட்டுக்கு வேண்டுமென்றால் நடுத்தர மீன் ஒன்று போதும், ருசியும் அதில்தான்.

தண்ணீரில் இறங்கினால் காலைத் தூக்கி வைக்காமல் தரையைத் தேய்த்தபடி நகருங்கள், திருக்கை விலகிவிடும். கெளிறு மாட்டினால் முதுகிலும் இரு பக்கத்திலும் உள்ள முள்ளைக் குறடு கொண்டே கையாளுங்கள். அணை, ஷட்டருக்குக் கீழே நிற்பதைத் தவிர்த்துவிடுங்கள். கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்தால் மணல்திட்டில் நிற்பவருக்குத் திரும்ப வழி இருக்காது.

வலை கட்டியிருக்கும் இடத்தில் வீசுவதற்கு முன் கேளுங்கள். பழவேற்காட்டில் மீன்பிடி இடங்களைப் பங்கிட்டுக்கொள்ளும் 'பாடு' முறை மீனவர்களிடையே தலைமுறைகளாக இருக்கிறது. அடுத்தவர் பாட்டில் லூர் வீசுவது அவர் அடுப்பில் கை வைப்பது. பழவேற்காட்டுப் பறவைகள் சரணாலயம், பிச்சாவரம் காப்புக்காடு போன்ற இடங்களில் வனத்துறையிடம் கேட்காமல் ராடை எடுக்கக் கூடாது. அறுந்த பிரெய்டைச் சுருட்டிப் பையில் போடுங்கள். கொக்கும் நாரையும் காலில் சிக்கிச் சாவது அந்தத் துண்டுகளில்தான்.

வீடு திரும்பியதும் டிராக்கை இறுக்கி மூடி, ரீலையும் ராடு வளையங்களையும் நல்ல தண்ணீரில் மெதுவாக நனைத்துத் துடையுங்கள். குழாயைப் பீய்ச்சினால் உப்பு உள்ளேதான் போகும். காய்ந்த பிறகு டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். அன்று பயன்படுத்திய லூர்களைத் தனியாகக் கழுவிக் காயவைத்த பிறகே பெட்டியில் போடவும். துருப்பிடித்த ஒரு முள் ஒரே வாரத்தில் பக்கத்து முள்ளையெல்லாம் பழுப்பாக்கிவிடும்.