ஸ்மிஸ்லோவைக் கடைசியிலிருந்து படியுங்கள்

கோடை விடுமுறைக்குக் காரைக்குடி வந்த பேத்தி, "ஆயா, ரஷ்யாக்காரங்க செஸ் ஆட்டத்த எங்கருந்து படிக்கிறது?" என்று கேட்டாள். பழைய உலகச் சாம்பியன் வாசிலி ஸ்மிஸ்லோவை எடு, அதுவும் கடைசியிலிருந்து எடு என்றேன். அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் சாமான். நிஜப் பலகை வேண்டும். போனில் தள்ளுகிற காய் மனதில் தங்குவதில்லை. எங்கள் காய்கள் ஓலைக் கொட்டானில் கிடக்கின்றன. தொலைந்துபோன வெள்ளை யானைக்குப் பதில் என் பித்தளைச் சுண்ணாம்பு டப்பி நிற்கும். வளவில் ஆத்தங்குடிக் கல் மேலேயே ஆடிப் பார்த்தோம். பூப்போட்ட கல்லில் எது கறுப்புக் கட்டம், எது வெள்ளைக் கட்டம்? பலகைதான் சரி.

ஆட்டங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். 1984-இல் தொடங்குங்கள். வில்னியஸில் கேண்டிடேட்ஸ் (உலகச் சாம்பியனோடு மோதப்போவது யார் என்று முடிவு செய்வது) இறுதிப் போட்டி, எதிரே 20 வயது காஸ்பரோவ். போட்டி நடக்கும்போதே ஸ்மிஸ்லோவுக்கு 63 நிறைந்தது. 8½–4½ என்று தோற்றார், ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. ஆனால் 13 ஆட்டத்தில் 9 டிரா! அந்த ஒன்பதில் எப்படித் தாக்குப்பிடித்தார் என்று பாருங்கள். முந்தைய வருஷம் ஜெர்மனிக்காரர் ஹியூப்னரோடு சமமாகிப்போய், சூதாட்ட ரூலெட் சக்கரம் சுற்றித்தான் இவர் அடுத்த சுற்றுக்கே போனார். பேத்திக்கு மற்றதெல்லாம் மறந்தாலும் இது மறக்கவில்லை.

அப்புறம் 1950-கள். இங்கே அவசரம் கூடாது. இரண்டு ராணிகளும் வெட்டுப்பட்டதும் ஆட்டத்தை நிறுத்தி, மீதி நகர்வுகளைத் தாளால் மூடிவிடுங்கள். ஸ்மிஸ்லோவ் பக்கம் உட்கார்ந்து அடுத்த நகர்வை நோட்டில் எழுதிய பிறகே தாளை ஒரு வரி இறக்க வேண்டும். தப்பினால், ஏன் என்று ஒரே வரி. என் நோட்டில் பாதிக்கு மேல் "ராஜா சும்மா நின்னாரு" என்றுதான் இருக்கிறது. ராணி போனபின் ராஜா நடுவுக்கு நடந்து வர வேண்டும். என் ராஜாவோ திண்ணையை விட்டு இறங்காத பெரியவர்.

யானை எண்ட்கேமுக்கு, அதாவது ராஜாவோடு யானையும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சும் கடைசிக் கட்டத்துக்கு, தனியாக ஒரு வாரம் ஒதுக்குங்கள். லெவன்ஃபிஷ் என்ற இன்னொரு ஆட்டக்காரரோடு சேர்ந்து அதற்கென்றே புத்தகம் எழுதியவர் இவர். ஒரு சிப்பாய் போனாலும் பரவாயில்லை, யானை மூலையில் காவல் நிற்காமல் வெளியே போய் வேலை செய்யட்டும்.

ராணிகள் இருக்கும்போதே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: 1953 சூரிக் போட்டியில் கெரெஸ் என்ற ஆட்டக்காரருக்கு எதிராக. ஸ்மிஸ்லோவ் கறுப்பு. 19-ஆவது நகர்வில் நிறுத்துங்கள். வெள்ளை ஒரு யானையைத் தட்டில் வைத்து நீட்டுகிறது. வெட்டுவீர்களா? நான் ஆசையாக வெட்டினேன். அவர் அதைத் தொடாமல் சிப்பாயால் சிப்பாயை வெட்டி, ஆட்டத்தையே ஜெயித்தார். இதற்கு மட்டும் எங்களுக்கு இரண்டு மதியம் ஆயிற்று.

உலகச் சாம்பியன் பட்டத்தின் கதை சின்னதுதான். சாம்பியனாயிருந்த போட்வின்னிக்கோடு 1954-இல் 12–12 என்று சமம், பட்டம் அவரிடமே நின்றது; 1957-இல் 12½–9½ என்று உலகச் சாம்பியன்; மறுவருஷமே பட்டம் திரும்பிப் போய்விட்டது.

ஆறு வயதில் அப்பா ஆட்டம் கற்றுக்கொடுத்ததும், 1950-இல் போல்ஷாய் தியேட்டரில் பாடகராகச் சேரப் போய்த் தேர்வாகாததும் கடைசிக்கு இருக்கட்டும். நோட்டு நிரம்பியபின் படித்தால் இன்னும் ருசி.

நேரம் மட்டும் பார்த்து வையுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு நான் வெற்றிலை மடிக்கையில் கை தானாக டப்பிக்குப் போய்விடுகிறது. "ஆயா, யானைய வைங்க!" என்று பேத்தி கத்துகிறாள்.