வேலை பார்க்கும்போது என்ன பாட்டு போடலாம்?

என்ன பாட்டு என்று யோசிப்பதற்கு முன்னால் என்ன வேலை என்று பாருங்கள். அறிக்கை எழுதுவது, ஒப்பந்தம் படிப்பது, மொழிபெயர்ப்பது என்று சொற்களோடு மல்லுக்கட்டும் வேலையா? அப்படியானால் வரிகள் உள்ள பாட்டு வேண்டாம். மனசுக்குள் ஒரு வாக்கியத்தைக் கோத்துக்கொண்டிருக்கும்போது காதில் இன்னொரு வாக்கியம் விழுந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். "நான்தான் பாட்டைக் கவனிக்கவே இல்லையே" என்பார்கள். கவனிக்காவிட்டாலும் பேச்சு உள்ளே போய்விடுகிறது. புரியாத மொழிப் பாட்டென்றால் தப்பித்துவிடலாம் என்பதும் பாதிதான் உண்மை. 1976-லேயே ஒரு ஆய்வில், எழுத்துகளை வரிசை மாறாமல் நினைவில் வைக்கச் சொல்லிவிட்டு, ஜெர்மன் தெரியாதவர்களின் காதில் ஜெர்மன் பேச்சை ஓடவிட்டார்கள். அப்போதும் தப்பு கூடியது.

இதைவிட நைசாக ஏமாற்றுவது, நமக்கு மனப்பாடமான சினிமாப் பாட்டை வீணையிலோ புல்லாங்குழலிலோ வாசித்தது. வாத்திய இசைதானே என்று போடுவோம், ஆனால் பாடகர் இல்லாத குறையை நம் தலையே தீர்த்துவைக்கும்: பல்லவி முழுக்க உள்ளே ஓடும், பிடித்த சரணம் நெருங்கும்போது விரல் கீபோர்டு மேலே அப்படியே நிற்கும். அதனால் வாத்திய இசை மட்டும் போதாது, வரி தெரியாத வாத்திய இசையாக இருக்கட்டும். பியானோ, ஆம்பியன்ட் (பின்னணியில் மெல்லப் பரவும் இசை), லோ-ஃபை (மெதுவான தாளத்தோடு சாந்தமாக ஓடும் இசை) எல்லாம் சரி. என் ஓட்டு வீடியோ கேம் இசைக்கு. ஆடுபவரின் கவனத்தைக் கெடுக்காமல் மணிக்கணக்கில் சுற்றிச்சுற்றி ஓடத்தான் அதில் பெரும்பகுதியை உருவாக்குகிறார்கள். திடீரென்று முழங்கி, அப்புறம் கிசுகிசுக்கும் இசையை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

பழகிப்போன கைவேலை, கோப்புகளை அடுக்குவது, ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தகவலை மாற்றுவது மாதிரி சலிப்பு தட்டும் வேலை என்றால் இந்த விதி எதுவும் வேண்டாம், பிடித்த பாட்டைச் சத்தமாகப் பாடிக்கொண்டே செய்யலாம். பிபிசி 1940-ல் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்காகவே ஒரு இசை நிகழ்ச்சி தொடங்கி 1967 வரை ஒலிபரப்பியது. தூக்கம் வரவைக்கும் மெதுவான பாட்டுகளுக்கு அதில் இடமில்லை. நடுவில் கைதட்டல் வரும் ஒரு பாட்டையும் விலக்கினார்கள், ஏனென்றால் கேட்பவர்கள் வேலையை விட்டுவிட்டு ஸ்பானரால் தாளம் போடக்கூடும்!

பக்கத்து மேசைப் பேச்சுதான் தொல்லை என்றால் அதற்கு இசையை விட மழைச் சத்தமோ பிரவுன் நாய்ஸோ (தூரத்து அருவி மாதிரி ஒரே சீரான, கனத்த இரைச்சல்) மேல். சத்தம் குறைக்கும் ஹெட்ஃபோன் ஏசியின் உறுமலை நன்றாக அமுக்கும், மனிதக் குரலை அந்த அளவுக்கு அமுக்காது, மிச்சமிருக்கும் குரலை மழைச் சத்தம் கரைத்துவிடும். ஆனால் வால்யூமைக் கூட்டிக் கூட்டிப் போட்டியிட வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்தான். ஒருவர் சாதாரணக் குரலில் கூப்பிட்டால் காதில் விழுகிற அளவு போதும்.

மேற்கத்திய இசைமேதை மொஸார்ட்டின் இசையைக் கேட்டால் மூளை கூர்மையாகும் என்று சொல்பவர்களுக்கு: அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்ட 1993 ஆய்வில் பத்து நிமிடம் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் தேர்வு எழுதினார்கள், பலனும் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. உற்சாகத்துக்காக வேலை தொடங்கும் முன் பிடித்ததைக் கேளுங்கள், அது நல்ல வழிதான்.

பிளேலிஸ்டை வேலை நேரத்தில் தேடாதீர்கள், தேடுவதிலேயே காலை போய்விடும். வேறொரு நாள் உட்கார்ந்து இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒன்றைச் சேர்த்துவையுங்கள். ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பட்டியல் முடிந்ததும் அது பாட்டுக்கு எதையாவது போடும். விளம்பரம் குறுக்கிடாத இடத்திலிருந்து கேட்பது இன்னும் நல்லது. ஒரு பக்கம் படித்து முடித்ததும் இப்போது என்ன ஓடியது என்று உங்களையே கேட்டுப்பாருங்கள். சொல்லத் தெரியவில்லையா, அந்த இசையை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே வரியை மூன்றாவது முறை படிக்கிறீர்கள் என்றால் எந்த இசையானாலும் நிறுத்திவிடுங்கள். ஹெட்ஃபோனை மட்டும் கழற்ற வேண்டாம், அது காதில் இருக்கும்வரை பேச வருகிறவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள்.