தலைமையாசிரியர் விடுப்பில் போகும்போது: பொறுப்பு உங்கள் கைக்கு வந்தால்

"நாளையிலிருந்து பத்து நாள் நீங்கதான் பார்த்துக்கணும் டீச்சர்" என்று சாவிக்கொத்தைக் கையில் கொடுத்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். சென்னையில் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்று முறை பொறுப்பு பார்த்திருக்கிறேன். முதல்முறை பார்க்கப்போகிறவர்களுக்காக இது.

1. பொறுப்பை எழுத்தில் வாங்குங்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை சாவி, எந்தெந்தப் பதிவேடு, எமிஸ் (மாணவர் விவரங்களைப் பதியும் அரசு இணையதளம்) கடவுச்சொல், எல்லாம் அதில் இருக்கட்டும். ரொக்கப் பதிவேட்டில் உள்ள இருப்பும் பீரோவில் உள்ள பணமும் ஒத்துப்போகிறதா என்று இருவரும் சேர்ந்து எண்ணிக் கையெழுத்துப் போடுங்கள். கூச்சம் வேண்டாம், இது இருவருக்கும் பாதுகாப்பு. காசோலை, சம்பளப் பட்டியலில் கையெழுத்திடும் அதிகாரம் தானாக வந்துவிடாது. கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

2. காலையில் கேட்டில் நில்லுங்கள். பிள்ளைகள் பலர் காலை உணவுக்கு முன்னதாகவே வந்துவிடுவார்கள். ஒரு நவம்பரில் மழை விடுமுறை அறிவிப்பு வருவதற்குள் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் நனைந்த பையோடு வந்து நின்றான். அம்மா விடியற்காலையிலேயே வீட்டுவேலைக்குப் போயிருந்தார். அவர் போன் நம்பர் எமிஸில் இருந்தது, ஆனால் அன்று நெட் இல்லை. பாட்டி தேடி வரும்வரை அவனோடு வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தேன். அன்று மாலையே வகுப்புவாரியாகப் பெற்றோர் நம்பர்களை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். நீங்கள் முதல் நாளே எழுதிவிடுங்கள்.

3. சாப்பாட்டை முதலில் ருசி பாருங்கள். சத்துணவைப் பரிமாறும் முன் ஆசிரியர் ஒருவர் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. ஒரு வாய் போதாது; அடியிலிருந்தும் கிளறி எடுத்துப் பாருங்கள். அப்படியே குடிநீர்த் தொட்டியையும் எட்டிப் பார்த்துவிடுங்கள்.

4. ஆசிரியர் வராத வகுப்பை யார் பார்ப்பது என்பதை முதல் மணிக்கு முன்பே முடிவு செய்யுங்கள். இரண்டு வகுப்பைச் சேர்த்து உட்கார வைத்தாலும் சரி, எந்த வகுப்பும் ஆளில்லாமல் இருக்கக்கூடாது.

5. மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின்படி அந்தக் காரணத்துக்காகச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ முடியாது. ஊர் விட்டு ஊர் வந்த குடும்பத்துக்கு இன்னொரு நாள் அலைவது ஒரு நாள் கூலி இழப்பு.

6. ஒரு குழந்தை, தன்னை யாரோ தவறாகத் தொட்டதாகச் சொன்னால் "சார் வரட்டும்" என்று காத்திருக்காதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி காவல்துறைக்கு உடனே தெரிவிப்பது கட்டாயம். உங்களுக்கு உதவ 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. நீங்களாக விசாரணை நடத்தாதீர்கள், குழந்தையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். பொறுப்பு பார்க்கும் பத்து நாளில் இதைவிடப் பெரிய வேலை எதுவும் கிடையாது.

7. தினமும் மாலை நான்கு வரி எழுதுங்கள்: வந்த கடிதம், போன பதில், செலவு, அடிபட்ட பிள்ளை. தலைமையாசிரியர் திரும்பும் நாளில் அந்த நோட்டையும் சாவியையும் கொடுத்து, ரொக்கத்தை மறுபடி இருவருமாக எண்ணிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் உங்கள் வகுப்புக்குப் போகலாம்.