சோட்டோ ஜென் தீட்சை: பதினாறு சீலங்களும் ஊசிநூலும்

ஜப்பானிய பௌத்தப் பிரிவான சோட்டோ ஜென் மரபில் துறவியாக விரும்புகிறவரும் இல்லறத்தாரும் ஏற்பது ஒரே 16 சீலங்களை, அதாவது ஒழுக்க நெறிகளைத்தான். புத்தர், தர்மம், சங்கம் என்ற மும்மணிகளில் சரணம் 3. தீமை விலக்கல், நன்மை செய்தல், எல்லா உயிர்க்கும் துணைநிற்றல் என 3. மீதி 10 பெருஞ்சீலங்கள். கொலை, களவு, தகாத காமம், பொய் ஆகிய நான்கும் நாம் அறிந்த பஞ்சசீலம்தான். ஐந்தாவதில்தான் பலர் இடறுகிறார்கள். பஞ்சசீலம் மது அருந்தாதே என்கிறது. இங்கே மது விற்காதே என்று வருகிறது. ஊரையே மயக்கத்தில் தள்ளுவது பெரிய பிழை என்பது கணக்கு. குடிக்க அனுமதி என்று இதைப் படிக்காதீர்கள்: இந்தப் பெருஞ்சீலங்களின் மூலநூலான பிரம்மஜால சூத்திரம் குடிப்பதைச் சிறு சீலங்களில் வைத்துத் தடுக்கிறது. அடுத்து வருவன பிறர் குறை பேசாமை, தற்புகழ்ச்சி தவிர்த்தல், கருமித்தனம் இன்மை, சினம் பிடித்துவைக்காமை, மும்மணிகளைப் பழிக்காமை.

ஒரே குருவிடம் தொடர்ந்து தியானத்தில் அமர்ந்து பழகிய பின், சீலம் தரும்படி நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். அவர் பொறு என்றால் பொறுங்கள்.

சம்மதம் கிடைத்ததும் தையல். கழுத்தில் தொங்கும் ரகுசு என்ற சிறு ஆடையைப் பல மடங்களில் சீலம் ஏற்பவரே கையால் தைக்கிறார். அது ஐந்து பத்தி, அதாவது செங்குத்துப் பட்டைகள் கொண்டது. ஒவ்வொன்றிலும் ஒரு நீளத்துண்டு, ஒரு குட்டைத்துண்டு. துணியை நனைத்து உலர்த்தி இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையில் சுருங்கிக் கோணும். ஒரு பத்தியில் 2 மில்லிமீட்டர் பிசகினால் ஐந்தாவதில் அது 1 சென்டிமீட்டர். கெட்டித்தையல் போடுங்கள், வெளியே எள்ளளவு புள்ளி மட்டும் தெரியட்டும். நூலை இறுக்கி இழுத்தால் துணி சுருக்கம் விழும். பிசகினால் தயங்காமல் பிரியுங்கள். ‘நமு கிஏ புத்சு’, அதாவது புத்தரைச் சரணடைகிறேன் என்று ஒவ்வொரு தையலுக்கும் சொல்லும் வழக்கமும் உண்டு. அவசரத்தை அது அடக்கும்.

சடங்கு நாளில் சீலங்களைக் கடைப்பிடிப்பாயா என்று குரு கேட்பார். உரக்கப் பதில் சொல்லுங்கள். தர்மப் பெயரும், கெச்சிம்யாகு என்ற குருபரம்பரைத் தாளும் தருவார். தென்னிந்தியரான போதிதர்மர் அதில் 28ஆம் இடத்தில் இருப்பார். காஞ்சியோடு அவரை நாம் சேர்த்துப் பேசுவதுண்டு.

துறவு தீட்சையான ஷுக்கே தொகுதோவுக்குத் தலை மழிக்க வேண்டும். உச்சியில் விட்ட சிறு முடியைக் குரு சம்மதம் கேட்டு நீக்குவார். ஏழு பத்திப் பேராடையும் உண்பதற்கான ஓரியோகி கலங்களும் தேவை. இலங்கை, தாய்லாந்தில் உள்ள தேரவாத பௌத்தத் துறவியின் 227 விதிகள் இங்கே இல்லை. துறவிகளின் மணத்துக்கு இருந்த தடையை நீக்கிய 1872 அரசாணைக்குப் பின் ஜப்பானியத் துறவிகள் மணம் புரியவும் செய்கிறார்கள். இந்தத் தீட்சை வெறும் நுழைவாயில். மடத்துப் பயிற்சி, தலைமைச் சீடராக நின்று சபையின் கேள்விகளுக்குப் பதில் சொல்லுதல், பிறகு குரு தன் மரபைச் சீடரிடம் ஒப்படைக்கும் ஷிஹோ என்ற தர்ம ஒப்படைப்பு என்று ஆண்டுகள் போகும். அதுவரை கறுப்பு ஆடைதான்.