பழைய ஸ்பீக்கருக்கு எத்தனை வாட் வால்வு ஆம்ப் வேண்டும்?

வால்வு ஆம்ப் (கண்ணாடிக் குழாய் வால்வுகளில் ஓடும் ஆம்ப்ளிஃபையர்) தேடும் முன் ஸ்பீக்கரைப் பாருங்கள். எத்தனை வாட் என்று சொல்வது அதுதான். சுங்கை சிப்புட்டில் ஒரு லயத்து வீட்டு ஹாலில் ஒரு ஜோடி ஸ்பீக்கருக்கு 4 வாட் தாராளமாகப் போதும். அதே ஹாலில் வேறொரு ஜோடி 30 வாட்டைக் கொடுத்தாலும் சோம்பிக் கிடக்கும்.

1. கோன், அதாவது ஒலி எழுப்ப அதிரும் கூம்பு. முன்துணியைக் கழற்றி, நடுக்குமிழின் இரு பக்கமும் கட்டைவிரல்களை வைத்து, கோனை ஒரே சீராக மெல்ல உள்ளே தள்ளுங்கள். சரசரவென்று உரசினால் வாய்ஸ் காயில் (கோனின் பின்னால் உள்ள கம்பிச் சுருள்) தேய்கிறது, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விளிம்பு ஃபோமாக இருந்தால் விரலில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு உதிரும். நம் ஊர் வெக்கையும் ஈரமும் ஃபோமைத் தின்றுவிடும். புது விளிம்பு ஒட்டாமல் பாட்டுப் போடாதீர்கள். துணி விளிம்பு நெடுங்காலம் தாங்கும்.

2. ஓம். ஒயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை 200 ஓமில் வைத்து அளவெடுங்கள். 3 காட்டினால் 4 ஓம் ஸ்பீக்கர், 6 என்றால் 8 ஓம், 11 முதல் 13 வரை என்றால் 16 ஓம். மீட்டர் டிசி தடையை மட்டும் அளப்பதால் எப்போதும் குறைத்தே காட்டும். ஆம்பின் பின்னால் அதே எண் போட்ட முனையில் மாட்டுங்கள். 16 ஓம் ஸ்பீக்கரை 8 ஓம் முனையில் மாட்டினால் வாட் குறையும், பொதுவாக வேறு பெரிய கெடுதல் இல்லை. 4 ஓமை 8-இல் மாட்டினால்தான் வால்வு திணறும், ஒலி கரகரக்கும்.

3. டெசிபல். 1 வாட்டுக்கு 1 மீட்டரில் எத்தனை டெசிபல் என்பதைப் பின்பலகையிலோ பழைய கையேட்டிலோ பாருங்கள். 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், ஜோடியும் சுவரும் திருப்பித் தருவது போக, சுமார் 5 டெசிபல் குறையும். பாட்டின் உச்சத்துக்கு 95 டெசிபல் வைத்துக்கொள்வோம். 88 டெசிபல் ஸ்பீக்கர் அங்கே 83 தரும், மீதி 12. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் வாட் இரட்டிக்கும்: 2, 4, 8, 16. ஆக 16 வாட். 94 டெசிபல் என்றால் 4 வாட், 85 என்றால் 32. பிபிசிக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சிறிய ஸ்பீக்கர் 83 டெசிபலைச் சுற்றி நிற்கும். சிறிய பெட்டி என்று சிறிய ஆம்பைக் கொடுத்தால் ஏமாந்துபோவீர்கள்.

4. வால்வு. ஒற்றை 2ஏ3 வால்வு சுமார் 3.5 வாட், ஒற்றை 300பி 8 வாட். இஎல்84 ஜோடி 10 முதல் 15 வரை, இஎல்34 ஜோடி 35 வரை தரும். ஒற்றை வால்வு ஆம்ப் ஸ்பீக்கரை இறுக்கிப் பிடிக்காது. விறைப்பான காகிதக் கோனுக்கு அது பொருந்தும், தொளதொளத்த கோனில் பேஸ் குழம்பும். ஸ்பீக்கரில் 10 வாட் என்று போட்டிருந்தால் அதைத் தாண்டாதீர்கள். பழைய காயில் சூடு தாங்காது.

5. மாட்டும் வரிசை. முதலில் ஸ்பீக்கர், பிறகுதான் சுவிட்ச். ஸ்பீக்கர் இல்லாமல் பாட்டு ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்ட் எகிறி உள்சுற்று எரிந்துவிடும். ஜப்பானிலிருந்து வந்த பழைய ஆம்ப் 100 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட் சாக்கெட்டில் நேரே சொருகாதீர்கள், நடுவில் வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். உள்ளே 300, 400 வோல்ட் ஓடும்; சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கும். மூடியைத் திறக்கும் வேலையைத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.