பெரிய இன்ஜெக்டர், பழைய ஈசியூ: எவோ 8-இல் மாற்றுவது எப்படி?

டர்போ காரில் பூஸ்ட்டை (டர்போ தள்ளும் காற்றழுத்தத்தை) ஏற்றிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் பெட்ரோல் பீச்சும் இன்ஜெக்டர்களுக்கு மூச்சு முட்டும். 7000 ஆர்பிஎம்-இல் ஒரு சிலிண்டரின் முழுச் சுற்றுக்குக் கிடைப்பதே சுமார் 17 மில்லி விநாடிதான். அதில் 85 சதவீதத்துக்கு மேல் இன்ஜெக்டர் திறந்தே கிடக்கிறது என்றால் பெரியதாக மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. இங்கே நான் எடுத்துக்கொள்வது, அமெரிக்காவில் 2003-இல் விற்பனைக்கு வந்த மிட்சுபிஷி எவோ 8. அதன் 4ஜி63 என்ஜினில் இருப்பவை நிமிடத்துக்கு 560 சிசி பெட்ரோல் பாய்ச்சும் இன்ஜெக்டர்கள். நாம் போடப்போவது 1000 சிசி.

முன்பெல்லாம் காற்று மீட்டரின் சிக்னலைக் குறைத்துக் காட்டும் பெட்டி ஒன்றைப் பொருத்திச் சமாளிப்பார்கள். காற்று குறைவு என்று நம்பி ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோலைக் குறைக்கும், கலவை சரியாகிவிடும். ஆனால் அதே பொய்யை நம்பி, லோடும் (என்ஜினின் சுமையும்) குறைவு என்று கணக்குப் போட்டு இக்னிஷன் டைமிங்கை ஏற்றிவிடும், அதாவது ஸ்பார்க்கை முன்கூட்டியே கொடுத்துவிடும். முழு பூஸ்ட்டில் அது நாக் ஆகி (கலவை தாறுமாறாக வெடித்து) பிஸ்டனையே பதம் பார்க்கும். அதனால் காற்று சிக்னலில் கை வைக்காதீர்கள். இன்ஜெக்டர் மாறியதை ஈசியூவிடமே நேராகச் சொல்லிவிடலாம்.

1. காப்பி எடுங்கள். ஓப்பன்போர்ட் 2.0 கேபிளும் ஈசியூஃப்ளாஷ் மென்பொருளும் வேண்டும். ஸ்டாக் ரோமை (ஈசியூவில் கம்பெனி போட்டுத் தந்த புரோகிராமை) படித்துப் பத்திரமாக வையுங்கள்.

2. கழற்றி மாட்டுங்கள். என்ஜின் ஓடும்போதே பெட்ரோல் பம்ப்பின் கனெக்டரைப் பிடுங்கி, தானாக அணையும்வரை விடுங்கள். பிரஷர் இறங்கியதும் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு ரெயிலை (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயை) தூக்கலாம். புது ஓ-ரிங்கில் ஒரு சொட்டு என்ஜின் ஆயில் தடவி, இன்ஜெக்டரைச் சுழற்றியபடி உள்ளே அழுத்துங்கள். ரெயிலை இறுக்கிய பிறகும் ஒவ்வொன்றும் விரலால் திருப்பினால் சுழல வேண்டும். முதல் தடவை நான் மாட்டியபோது ஒன்று மட்டும் அசையவில்லை. கழற்றிப் பார்த்தால், ஓ-ரிங்கில் பிறை மாதிரி ஒரு வெட்டு. அப்படியே ஸ்டார்ட் செய்திருந்தால் சூடான என்ஜின்மேல் பெட்ரோல் பீச்சியிருக்கும்.

3. ரெசிஸ்டர் பெட்டி. ஸ்டாக் இன்ஜெக்டர்கள் மின்தடை குறைந்தவை, அதனால் எவோவில் தனியாக ஒரு ரெசிஸ்டர் பெட்டி இருக்கும். புதியவை மின்தடை அதிகமானவை என்றால் (மல்டிமீட்டரில் 12 ஓம் அளவில் காட்டும்) அந்தப் பெட்டி வேண்டாம். அதைக் கழற்றி, சப்ளை ஒயரையும் நான்கு இன்ஜெக்டர் ஒயர்களையும் ஒன்றாக இணைத்துவிடுங்கள்.

4. ஈசியூவில் எண் மாற்றுங்கள். இன்ஜெக்டரின் அளவைச் சொல்லும் ஸ்கேலிங் என்ற இடத்தில் ஸ்டாக்கில் 560 இருக்காது, 513 இருக்கும். அதே விகிதத்தில் 1000-க்குக் கணக்கிட்டால் 916 வரும். அதையே போட முடியாது, ஏனென்றால் 29241-ஐ ஒரு முழு எண்ணால் வகுத்துத்தான் ஈசியூ இதைச் சேமிக்கிறது. பக்கத்தில் கிடைப்பவை 886, 914, 943. 914-இல் தொடங்குங்கள்.

அடுத்தது லேட்டன்சி. கரண்ட் வந்த நொடியே இன்ஜெக்டர் திறந்துவிடாது, சற்றுத் தாமதமாகும். பேட்டரி வோல்டேஜ் இறங்க இறங்க தாமதம் கூடும். இன்ஜெக்டர் தயாரித்தவர்கள் தரும் அட்டவணையைப் பார்த்து ஒவ்வொரு வோல்டேஜுக்கும் நிரப்புங்கள்.

5. கசிவு பாருங்கள். பெட்ரோல் பம்ப்பின் கனெக்டரையும் பேட்டரியையும் திரும்ப மாட்டி, மாற்றிய ரோமை ஈசியூவில் எழுதுங்கள். ஸ்டார்ட் செய்து உடனே அணைத்து, நான்கு இடத்தையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள்.

6. ட்ரிம்மைச் சரிசெய்யுங்கள். பொறுமை வேண்டிய இடம் இதுதான். எவோஸ்கேன் மென்பொருளில் ஃப்யூவல் ட்ரிம்மை (ஈசியூ தானாகப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதத்தை) பதிவு செய்துகொண்டு, சீரான வேகத்தில், அதாவது க்ரூஸில், ஓட்டுங்கள். க்ரூஸ் ட்ரிம் +3 என்றால் ஈசியூ கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றுகிறது; ஸ்கேலிங்கை 886-க்கு இறக்குங்கள். -3 என்றால் 943. க்ரூஸ் சரியான பிறகுதான் ஐடிலுக்கு வர வேண்டும். ஐடில் ட்ரிம் பிளஸ்ஸில் நின்றால் 14 வோல்ட் பக்கத்து லேட்டன்சியை ஒரு படி, அதாவது 0.024 மில்லி விநாடி, ஏற்றுங்கள். மைனஸ் என்றால் ஒரு படி இறக்குங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அப்புறம் பேட்டரியைக் கழற்றிப் பழைய ட்ரிம்மை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இரண்டுமே பூஜ்ஜியத்தை ஒட்டி நின்றால் நல்லது, ±5-க்குள் இருந்தாலே போதும்.

7. முழு பூஸ்ட். இங்கே ட்ரிம் உதவாது, கலவையை அளக்கும் வைட்பேண்ட் மீட்டர் கட்டாயம் வேண்டும். சாதாரண பெட்ரோலில் கலவை (ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்பது) 11-க்கும் 11.5-க்கும் இடையில் நிற்கட்டும். முதலில் ஸ்டாக் பூஸ்ட்டிலேயே, மூன்றாவது கியரில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மீட்டர் 12-ஐத் தாண்டினாலோ நாக் எண்ணிக்கை ஏறினாலோ உடனே காலை எடுத்துவிடுங்கள். ஆர்பிஎம் மேலே போகப் போகக் கலவை மெலிந்தால் (பெட்ரோல் குறைந்தால்), ஸ்கேலிங்கைத் தொடாமல் பெட்ரோல் பம்ப்பைச் சோதியுங்கள்.